கொழுப்பு ஈரலும் எடைகுறைப்புச் சத்திரசிகிச்சையும்



வைத்தியசாலைகளில் பணியாற்றும் பழைய மாணவியர் சிலர் சேர்ந்து இந்த உரையைத் தயாரித்தோம். ஈரலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "அது குடிக்கிற ஆக்கள்ட வருத்தமல்லவா?" என்று ஓர் அக்கா கேட்டார். இந்த எண்ணத்தால் ஸ்கான் அறிக்கையை வீட்டாருக்கும் காட்டாமல் அலுமாரிக்குள் வைக்கும் பெண்கள் எழுவான்கரையிலும் உண்டு, படுவான்கரையிலும் உண்டு. மதுவைத் தொடாதவருக்கும் இது வரும். ராகமையில் 2007இல் 35 முதல் 64 வயது வரையானோரைச் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. பலருக்கு அது அந்த அளவிலேயே நின்றுவிடும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, ஈரலே சுருங்கும். நோவு எதுவும் தெரியாது.

முதல் மருந்து எடையைக் குறைப்பது. 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைத்து, அதைக் காப்பாற்றினால் ஈரல் நன்றாகத் தேறும். காப்பாற்றுவதுதான் கஷ்டம். சோற்றையும் புட்டையும் குறைத்து, நடந்து, இறங்கிய எடை மறுவருடம் திரும்பி வந்தவரைச் சோம்பேறி என்பது அநியாயம். இழந்ததை மீட்கப் பசியைக் கூட்டுவது உடம்பின் இயல்பு.

சத்திரசிகிச்சை இங்கேதான் வேறுபடுகிறது. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றுவது ஒரு முறை. சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது மற்றது. குடலிலிருந்து வரும் ஓமோன்கள் மாறுவதால் பசி அடங்கும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும், ஈரலுக்குப் போகும் கொழுப்புக் குறையும். இத்தாலியில் 288 பேரில் செய்து 2023இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் ஈரல் அழற்சி நீங்கியவர்கள் இரண்டு சத்திரசிகிச்சைகளிலும் 56, 57 வீதம். உணவு, உடற்பயிற்சி முதலியவற்றோடு சிறந்த மருத்துவக் கவனிப்பும் பெற்றவர்களில் 16 வீதம். நம்மவரைப் போன்ற உடம்புக்கும் இது பொருந்துமா என்பவர்களுக்கு: கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையில் ஆறு மாதத்தின் பின் மறுபடி ஈரல் துணுக்கெடுத்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் தெரிந்தது.

2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 27.5 இலிருந்தே இச்சிகிச்சையை யோசிக்கலாம் என்கிறது. ஐந்தடிப் பெண்ணுக்கு அது ஏறக்குறைய 64 கிலோ. அதற்காக எல்லோருக்கும் கத்தி வைப்பதில்லை. ஈரல் மிகவும் சுருங்கியவருக்கு ஆபத்து அதிகம். வேகமாக மெலியும்போது பித்தக்கல் வரலாம். இரும்புச்சத்து, பி12, கல்சியம் குளிசைகள் ஆயுள் முழுதும் வேண்டும். அவற்றை நிறுத்திவிட்டு இரத்தச்சோகையோடு வருவோரைப் பார்க்கிறோம். பிள்ளை பெற விரும்பும் தங்கைமார் ஒன்று, ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும்.

மட்டக்களப்பில் பார்த்துவிட்டுக் கொழும்புக்குப் போகச் சொன்னால் பயந்து பின்வாங்காமல், ஈரலில் தழும்பு எந்த அளவு என்று முதலில் கேளுங்கள். தேநீர் நேரத்தில் நாங்கள் பின்வரிசையில் இருப்போம். அறிக்கை கொண்டுவந்தவர்கள் காட்டலாம்.