நாகலூர்ல கடவுளுக்கு நான் போட்ட ஷீட்

போன டிசம்பர்ல ரெண்டு நாள் லீவு போட்டு நாகலூர் போனேன். ஏற்காட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி, காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரத்துல ஏறுற மிளகுக்கொடியுமா இருக்கிற ஊர்.

அப்பா இறந்து எட்டு மாசம். பூசைக்குப் போறேன், முழங்கால் போடுறேன், உள்ளே ஒண்ணுமே இல்லை. மலையில போய் உட்கார்ந்தா கடவுள் பேசுவார்னு ஒரு கணக்கு. 5 மணிக்கு செபமாலை, 6 மணிக்கு பைபிள்... ஆபீஸ்ல ஸ்பிரிண்ட் போடுற மாதிரி கடவுளுக்கும் ஒரு ஷீட். முதல் நாள் முழுக்கக் கடுப்புதான் மிச்சம்.

அப்போ நான் படிச்சிட்டிருந்தது அபிஷிக்தானந்தர் பத்தி. பிரான்ஸ்ல பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி. சொந்தப் பேர் ஆன்ரி ல சோ. 1949 ஜனவரியில ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலை போறார், பெரிய எதிர்பார்ப்போட. பார்த்தா, நரைச்ச தலையோட சாந்தமா ஒரு பெரியவர். அவ்வளவுதான். மனுஷனுக்கு ஏமாற்றம். ஆசிரமத்துல இருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, நீங்க ஏகப்பட்ட மூட்டையோட வந்திருக்கீங்கன்னு சொல்லிட்டாங்க. கூடவே காய்ச்சல். ஆராய்ச்சி பண்ணத் தெம்பில்லாம கிடந்தப்போதான் அந்த இடத்தோட அமைதி அவருக்குள்ள இறங்குச்சு. அதுக்காக அவர் மதம் மாறிடல. 1950-ல குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில சாந்திவனம் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். 1973-ல சாகிற வரைக்கும் கிறிஸ்தவத் துறவிதான்.

சரி, நம்ம கதை. ரெண்டாவது நாள் 11 மணி. ஷீட்ல 'தியானம்'. தூறல் விழுந்துச்சு. களத்துல காப்பி காயுது, நனைஞ்சா பூஞ்சை பிடிச்சிடும். "தம்பி, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, அந்த முனையைப் பிடிங்க"ன்னு ஒரு அக்கா தார்ப்பாயைக் கையில திணிச்சாங்க. தியானத்தைப் போய் சும்மான்னுட்டாங்களேன்னு சுருக்குன்னுச்சு. குவிச்சு, மூடி, ஓரத்துல கல் வெச்சோம்.

அப்புறம் வரக்காப்பி. "அப்பா என்ன வேலை பார்க்கிறாரு?"ன்னு கேட்டாங்க. எட்டு மாசத்துல முதல் தடவையா அப்பாவைப் பத்தி முழுசாப் பேசினேன். அவரோட ஸ்கூட்டர், ஆஸ்பத்திரியில கடைசி வாரம், எல்லாம். அக்கா ஆறுதல் எதுவும் சொல்லல. ஈரத் தலையைத் துவட்டிக்கிட்டே கேட்டுட்டிருந்தாங்க.

லூக்கா 24-ல எம்மாவுக்குப் போற ரெண்டு சீடர்கள் இருக்காங்களே, இஸ்ரயேலை மீட்கப்போற ஒருத்தரை எதிர்பார்த்தவங்க. கூடவே நடந்து வந்தவரை அவங்களுக்கு அடையாளம் தெரியல. சாப்பாட்டுல அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தப்போதான் தெரிஞ்சது. அதை எத்தனை பூசையில கேட்டிருப்பேன்!

அந்த அக்காகிட்ட இதைச் சொன்னா சிரிப்பாங்க. அவங்க சேர்வராயன் கோயிலுக்குப் போறவங்க. சேலம் பஸ்ல ஏறி உட்கார்ந்தப்புறம்தான் ஷீட்டைப் பார்த்தேன். அன்னைக்கு ஒரு கட்டத்துல கூட டிக் இல்லை.