தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு

மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த தமிழ் வாலிபர்களில் சிலர், பாட்டனார் ரயிலேறி வந்த தூரத்தை மோட்டார் சைக்கிளிலேயே திரும்பக் கடந்து திருநெல்வேலிச் சீமையைக் காண விரும்புகிறார்கள். உன்னதமான ஆசைதான், ஆயினும் அதற்குரிய ஆயத்தம் அவசரத்தில் முடிகிற காரியமன்று.

மும்பை–புனே விரைவுச்சாலையிலும், 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது கடற்பாலத்திலும் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லையாதலால், செம்பூரிலிருந்து வாஷி பாலம் கடந்து, பன்வேல் வழியே பழைய சாலையைப் பிடித்து, கோபோலிக்கு அப்பால் மலையேறித்தான் புனே சேர வேண்டும். பிறகு சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், ஓசூர் என்று நீளும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரை இரண்டே பகலில் முடிக்க எண்ணுவது, என் அபிப்பிராயத்தில், தேகத்துக்கு இழைக்கும் அநீதி. முதல் யாத்திரைக்கு நான்கு பகலாவது ஒதுக்குங்கள்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, ஒரு ஞாயிறன்று, கொண்டுபோக இருக்கும் மூட்டை முழுவதையும் கட்டிக்கொண்டு லோனாவாலா வரை போய்த் திரும்புங்கள்; நகரத்து நெரிசலில் புலப்படாத செயின் தளர்ச்சியும், பிரேக் கட்டையின் தேய்மானமும், சரியும் பையும் அந்த மலைப்பாதையின் ஏற்ற இறக்கத்தில் வெளிப்பட்டுவிடும். டயரின் காற்றை வண்டி ஓடிச் சூடேறுமுன்பே பார்ப்பது அவசியம், ஏனெனில் உஷ்ணத்தில் அழுத்தம் உயர்ந்து குறைவை மறைக்கும். மலையிறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். பருவமழை ஓய்ந்த அக்டோபருக்குப் பின் கிளம்புவது உசிதம், ஆனால் தென்பாண்டி நாட்டில் அப்போது வடகிழக்குப் பருவமழைக் காலமென்பதால், மழைக்கோட்டைப் பையின் மேலாக வையுங்கள்.