தன் கணக்கும் ஊர்க் கணக்கும்

(திருப்பணிக் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



திருக்குட நன்னீராட்டு நிறைவேறியபின் சாரம் அவிழும். வேள்விச்சாலைப் பந்தல் பிரியும். வந்த அடியார்கள் தத்தம் ஊர் செல்வர். அவர்கள் மனமுவந்து ஈந்த பொருளுக்குரிய கணக்கு மட்டும் எஞ்சி நிற்கும். அதனைக் காட்டுதல் பொருளாளர் ஒருவர் கடமை என்று கருதுவாருளர். அஃது ஏட்டில் தொடங்குவதன்று; ஒருவர் தம்மைத் தாமே ஆளும் பழக்கத்தில் தொடங்குவது. காந்தியடிகள் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1888-ஆம் ஆண்டில் சட்டம் பயில இலண்டன் சென்ற அவ்விளைஞர், ஆங்கிலக் கனவான்போல் விளங்க விழைந்தார். பத்துப் பவுன் கொடுத்து மாலையுடுப்பு வாங்கினார், நடனம் பயின்றார், பிடில் ஒன்றும் வாங்கினார். ஏறக்குறைய மூன்று திங்களில் அம்மயக்கம் தெளிந்தது. எனினும், மயங்கிய நாளிலும் ஒரு நற்பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. வண்டிக் கட்டணம், அஞ்சற் செலவு, செய்தித்தாளுக்கு ஈந்த செப்புக் காசு யாவற்றையும் எழுதி, உறங்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்ப்பார். அவரைக் கண்டிக்கத் தந்தையாரோ தமையனாரோ அங்கு இலர், அவ்வேடே கண்டித்தது. செலவைப் பாதியாக்கத் துணிந்து, பிறர் இல்லத்தில் தங்குதலை விடுத்துத் தனி அறைகள் அமர்த்தினார். பின்னர் ஓர் அறையே போதுமென்றார். வண்டியேறாது நாடோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார்.

இப்பயிற்சி பின்னர்ப் பொதுப்பணிக்கு உதவிய வகை காண்க. 1894-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. காந்தியடிகளே செயலாளர். திங்கட் சந்தா குறைந்தது ஐந்து ஷில்லிங் என வகுத்தனர். பெயர் பதிந்தோர் பலர். திங்கள்தோறும் தவறாது தந்தோர் சிலர். (இது நேட்டாலுக்கு மட்டும் உரிய இயல்பன்று!) எனவே ஆண்டுக்கு மூன்று பவுன் என்று மாற்றினர். கடன் வாங்கிப் பொதுப்பணி நடத்தலாகாது என்பது அடிகள் கொண்ட உறுதி. பெற்ற ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்பெற்றது.

டோங்காட் என்னும் ஊரில் நிகழ்ந்தது நினைத்தற்குரியது. விருந்தோம்பிய செல்வர் ஆறு பவுன் ஈவாரென்று எதிர்பார்த்தனர். அவரோ மூன்றுக்கு மேல் இசையவில்லை. உணவு ஆயத்தமாயிருந்தது, சென்றவர்க்குப் பசியும் மிகுதி. ஆயினும் உண்ணாதிருந்தனர். உடன் சென்றோருட் சிலர் உள்ளத்தே வெகுண்டும், வாய் தவறி ஒரு கடுஞ்சொல் கூறினாரல்லர். இரவு இவ்வாறே கழிந்தது. கீழ்வானம் வெளுக்கும் வேளையில் அவர் மனமிளகி ஆறு பவுனும் தந்து அமுதும் படைத்தார். தன் பசியையும் நாவையும் ஆளாதவன் அவ்விரவைக் கடந்திருப்பானோ?

கணக்குக் கேட்பாரைக் கண்டு சினத்தல் தகாது. தஞ்சைப் பெருங்கோயிற்குத் தான் ஈந்த அணிகலன்களின் நிறையை மாமன்னன் இராசராசனே கல்லில் வெட்டுவித்தான். யாவரும் காணக் கணக்கை வைத்தல் அவனுக்கு இழுக்காகவில்லை. நமக்கு மட்டும் எங்ஙனம் இழுக்காகும்?

1901-இல் காந்தியடிகள் தாயகம் திரும்ப எண்ணியபோது, நேட்டால் மக்கள் பொன்னும் வயிரமும் பரிசிலாகக் குவித்தனர். கத்தூரிபா அம்மையார்க்கென ஐம்பது கினி மதிப்புள்ள பொற்கழுத்தணி ஒன்றும் வந்தது. அன்றிரவு அடிகள் உறங்கவில்லை. பொதுப்பணிக்கு வந்த பொருள் தமக்கு ஆகாதெனத் துணிந்தார். மைந்தர் எளிதில் இசைந்தனர், அம்மையார் இசையவில்லை. இரவு பகலாகக் கணவர்க்கு உழைத்தது மட்டும் தொண்டாகாதோ என வினவினார். அவ்வழக்கு எளிதில் தள்ளற்பாலதன்று. அடிகள் அவர் இசைவை வருந்தியே பெற்றார். அப்பொருள்கள் அனைத்தும் அறக்கட்டளை முறிப்படி வங்கியில் வைக்கப்பெற்று, அந்நாட்டு இந்தியர் நலனுக்கே உரியவாயின.

திருச்சிற்றம்பலம்.