கடிதத்தை வாசிப்பதும் கடிதத்துக்குக் கீழ்ப்படிவதும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினியைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். அதன் பெருமையைச் சொல்ல இங்கே ஆட்கள் நிறைய உண்டு; கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே போதும். நாம் அதில் அகப்பட்ட ஓர் ஓட்டையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

தோட்டத்துத் தப்பால்காரரை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வட்டவளை மழையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, பையைச் சுமந்து மலையேறி வருவார். ஆபீசுக்குள் போகலாம், துரை பங்களாவின் பின்வாசலுக்கும் போகலாம்; அவரைத் தடுப்பார் இல்லை. இப்பொழுது ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்நியன் ஒருவன் அவரிடம் ஓர் உறையைக் கொடுக்கிறான். அதைப் பிரித்து வாசித்துக் காட்டுவதே அவர் வேலை. உள்ளே செய்தி ஒன்றுமில்லை. "பங்களாவுக்குப் போய் மேசைமேல் இருப்பதை எடுத்து வா" என்று ஒரு வரி மாத்திரம் இருக்கிறது. அவரும் "சரிங்க" என்று புறப்பட்டுவிட்டால் எப்படியிருக்கும்? நம் தப்பால்காரர் எவரும் அப்படிச் செய்திருக்கமாட்டார். யந்திரம் செய்தது.

கணினிக்குள் புகும் கள்வரைப் பற்றி ஓரிடத்தார் மற்றோரிடத்தாருக்கு எச்சரிக்கை அனுப்புவது இந்நாளில் வழக்கம். எந்த முகவரியிலிருந்து வந்தான், எந்தக் கோப்பை விட்டுச் சென்றான், என்ன தந்திரம் செய்தான் என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஒரு வங்கியில் இரவு நடந்தது மற்ற வங்கிக்குக் காலையில் தெரிந்தால் அது தன் கதவை அடைத்துக்கொள்ளலாம் அல்லவா? மனிதர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே யந்திரத்தோடு யந்திரம் பேச ஒரு பொதுமுறை வேண்டியதாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில் மைட்டர் என்னும் நிறுவனம் இதற்கென இரண்டு முறைகளை வகுத்தது. எச்சரிக்கையை எழுதும் முறைக்கு ஸ்டிக்ஸ் என்றும், அதைக் கொண்டுசெல்லும் முறைக்கு டாக்சி என்றும் பெயர். 2015இல் இவை ஒயாசிஸ் என்னும் தரநிர்ணயச் சபையின் பொறுப்புக்கு மாறின.

இப்படி வரும் செய்தியைப் பிரித்து, பைதான் மொழி நிரல்கள் கையாளத்தக்க வடிவுக்கு மாற்றித் தருவது லிப்டாக்சி என்ற நிரல் நூலகம். நூலகம் என்றதும் புத்தக அலுமாரியை நினைக்க வேண்டாம். பிறர் முன்பே செய்துவைத்த பாகங்களின் தொகுதி அது. தேயிலைத் தொழிற்சாலைக்கு வேண்டிய ரோலரை எவரும் தாமே வார்த்துக்கொள்வதில்லை, வாங்கிப் பூட்டுகிறார்கள். அதுபோலத்தான் இதுவும்.

2020 அக்டோபரில் இந்நூலகத்தின் குறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சி.வி.இ. 2020-27197 என்பது அதன் பதிவு இலக்கம். 1.1.117ஆம் பதிப்பு வரையில் அக்குறை இருந்தது. செய்தி என்று கொடுத்த எழுத்து எச்.டி.டி.பி. என்று இணைய முகவரியைப் போலத் தொடங்கினால், நூலகம் அதைச் செய்தியாக வாசிக்கவில்லை. அந்த முகவரிக்கே சென்று அங்குள்ளதை எடுத்துவரப் புறப்பட்டது. வலையமைப்பைத் தொடாதே என்று முன்கூட்டிக் கட்டளையிட்டிருந்தும் புறப்பட்டது! நிறுவனத்தின் உள்ளறைகள் வெளியில் நிற்கும் கள்வனுக்கு எட்டா. உள்ளேயே வேலை செய்யும் இந்த ஏவலாளுக்கு எட்டும். தான் போகமுடியாத இடத்துக்குக் கள்வன் அவனை அனுப்பலாம். கள்வன் வருகிறான் என்று சொல்ல வைத்த வாசலே கள்வனுக்கு வழியாகிறது.

குறை யாருடையது? லிப்டாக்சியை ஆக்கியோர், தாம் எல்.எக்ஸ்.எம்.எல். என்ற வேறொரு நூலகத்தைச் சுற்றி உறை போட்டிருப்பதாகவும், அங்கே கேட்கவேண்டிய விஷயமாக இது இருக்கலாம் என்றும் கூறினர். இது அந்த அறிவித்தலிலேயே பதிவாகியிருக்கிறது. எமக்கு இதில் உடன்பாடில்லை. சம்பளத்தில் குறை வந்தால் கங்காணி கணக்கப்பிள்ளையைக் காட்டுவதும், கணக்கப்பிள்ளை கிளாக்கரைக் காட்டுவதும் நமக்குப் புதிதா? கோப்பின் பெயரைக் கொடுத்தாலும் இணைய முகவரியைக் கொடுத்தாலும் எடுத்து வாசிப்பது எல்.எக்ஸ்.எம்.எல். நூலகத்தின் வழக்கம், அது மறைத்துவைத்த இரகசியமன்று. வருவது அந்நியர் கடிதம் என்பதை அறிந்தவன் உறை போட்டவனே. சோதிக்க வேண்டியவனும் அவனே.

இதே குணமுள்ள பெரிய குறை ஒன்று 2021 டிசம்பரில் உலகையே கலக்கிற்று. லொக்ஃபோர்ஜே என்னும் நூலகத்தின் வேலை, நடந்ததை நாட்குறிப்பில் எழுதிவைப்பது. எழுதச் சொன்ன வரிக்குள் ஒரு முகவரியைக் குறித்த விதத்தில் பொதிந்துவிட்டால், அது எழுதுவதோடு நில்லாமல் அம்முகவரியை நாடிச் சென்றது. அங்கிருந்து வந்த நிரலையும் இயக்கிற்று. தங்கள் யந்திரத்துக்குள் அந்நூலகம் இருக்கிறதா என்பதே தெரியாமல் எத்தனையோ நிறுவனங்கள் தேடி அலைந்தன.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. அது வேறு வகைத் தாக்குதல். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வகை. ஏறக்குறைய 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் பழைய மென்பொருள். அதற்கான ஆதரவை அந்நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது.

காகிதம் தொலைவது பிறருக்கு ஒரு தொல்லை. மலைநாட்டாருக்கு அது வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டபோது, பதியப்படாத பிறப்புகளுக்கு எங்கே போவது? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரையில் நாடற்றோர் என்ற பெயரோடு வாழ்ந்து முடிந்தவர்கள் இந்த லயங்களிலேயே இருந்தார்கள். இன்று நமது பிறப்புப் பதிவும் வங்கிக் கணக்கும் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போகின்றன. அவற்றைக் காக்கும் யந்திரங்களும் எவரோ செய்த நூலகங்களைப் பூட்டியே ஓடுகின்றன.

ஆகவே, கணினி வேலையில் இருக்கும் மன்றத்துப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். விடுமுறை முடிந்து திரும்பியதும், உங்கள் நிரலில் பூட்டியிருக்கும் நூலகங்களின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் நூலகம் இழுத்துக்கொண்டு வந்த நூலகங்களையும் சேர்த்து எழுதுங்கள். முதல் நாளில் பாதிகூட எழுதி முடியாது. மறுநாளும் உட்காருங்கள்.