திருடன் மகன் திருடனா?



ஒருவன் திருடினால் அவனைப் பிடித்துத் தண்டிக்க வேண்டியது நியாயந்தான். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நம் ஊர்களில் நடப்பது என்ன? திருடியவன் ஜெயிலுக்குப் போனவுடன் அவன் பெண்டாட்டிக்குக் காட்டு வேலை இல்லை. மகனுக்கு மில் வேலை இல்லை. தங்கையைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளை இல்லை. கேட்டால், "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்று பழமொழி சொல்லுகிறார்கள். மனிதன் என்ன சுரைக்காயா என்று நாம் கேட்கிறோம்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? பிறப்பினாலேயே ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்று சொன்ன வருணாசிரம தர்மத்திலிருந்துதான் வந்தது. பிறப்பினால் யோக்கியதை வரும் என்று ஒப்புக்கொண்டவன், பிறப்பினால் குற்றமும் வரும் என்றுதானே நம்புவான்? அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். கோவில் சொத்தைத் தின்ற தர்மகர்த்தாவின் மகனுக்குப் பெண் கொடுக்கப் போட்டி போடுகிறார்கள். ஆட்டுக்குட்டி திருடிய ஏழையின் மகனுக்குத்தான் பரம்பரைக் குற்றம்!

இந்தப் புத்தியை வெள்ளைக்கார சர்க்கார் சட்டமாகவே எழுதி வைத்தது. 1871ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எவனோ ஒருவன் திருடியதற்காக அவன் ஜாதியையே குற்றவாளியாக்கினார்கள். பிரமலைக் கள்ளர், குறவர் முதலிய ஜாதிகளில் பிறந்தவர்கள், ஒரு குற்றமும் செய்யாமலே கைரேகை வைத்துப் போலீசில் ஆஜர் கொடுக்க வேண்டியதாயிற்று. 1920 ஏப்ரல் 3ந் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்றவர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். நம் மாகாணத்தில் இச்சட்டம் 1947ல்தான் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, புத்தி ஒழிந்ததா? 1998 பிப்ரவரி 14ந் தேதி நம் கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அக்கொடுமையைச் செய்தவர்களைத் தண்டிக்கக் கோர்ட்டு இருக்கிறது. ஆனால் ஒரே மதம் என்பதற்காக, ஒன்றும் அறியாத முஸ்லிம் குடும்பங்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்தினார்களே, அந்தத் தண்டனையை விதித்த கோர்ட்டு எது?

"வீட்டாருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்பார்கள். தெரிந்து உடந்தையாய் இருந்தால் அது அவர்களே செய்த குற்றம். ருசு காட்டித் தண்டியுங்கள். உறவு மாத்திரமே ருசு ஆகிவிடாது.

தோழர்களே! ஜெயிலுக்குப் போனவன் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கொடுங்கள், வீடு கொடுங்கள், உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அழையுங்கள். தகப்பன் குற்றம் மகனுக்கு ஒட்டாது என்று தெரிந்துகொண்டவன், தகப்பன் ஜாதியும் மகனுக்கு ஒட்டாது என்பதையும் தெரிந்துகொள்வான். நாம் வேண்டுவதும் அதுவே.