மானியமும் மலைநாட்டாரும்



1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அன்று தொட்டுத் தோட்டங்களில் நம் முன்னோரின் கை ஓயவில்லை. தொழில் வளர அரசாங்கமும் பொருளுதவி செய்கின்றது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபை, சிறு நிலத்தாருக்கு மீள்நடுகை மானியம் வழங்குகின்றது. அத்துணையும் சேர்ந்து, இன்று நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் அவர்கள் நிலத்தில் விளைகின்றது.

கவ்வாத்தும் கொழுந்தும் நம்மவரைவிட நன்கறிந்தவர் யார்? ஆயினும், லயத்து அறையில் வாழ்பவனுக்குக் காணி உறுதி இல்லை. உறுதியில்லாதவன் எந்த நிலத்துக்கு மானியம் கேட்பான்? கவிழ்த்த குடத்தில் மழைநீர் நிறையுமா?

ஆகவே, முதலில் காணி கேட்போம். அது கிடைத்ததும் பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுப்பது, படித்த நம் கடமை.