பறக்கும் தட்டுக்கு மஞ்சள் பூசியவர்கள்

நூற்றாண்டு உரைத்தொடரில் வாசிக்கப்பட்ட உரை



இந்த உரையை ஒரே வகுப்பில் படித்த நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதினோம். வாசிப்பது ஒருவர், பேசுவது நால்வரும். பழையதைப் பேணுதல் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். கோயில், ஏடு, நூலகம் பற்றியெல்லாம் எங்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்தத் தொடரில் இருக்கிறார்கள். எனவே நாங்கள் ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில், லவ் ஃபீல்ட் விமான நிலையத்தை ஒட்டிய ஃபுரொன்டியர்ஸ் ஒஃப் ஃபிளைற் என்னும் நூதனசாலையில் அது நிற்கிறது. அதன் பெயர் வி-173. உலகில் அப்படியொன்று அது மட்டுந்தான்.

அதைப் படத்தில் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம். விமானம் என்றால் நீண்ட உடலும் இருபக்கமும் நீட்டிய இறக்கைகளும் இருக்கவேண்டும் அல்லவா? இதற்கு உடல் இல்லை, முழுவதும் இறக்கைதான். ஏறக்குறைய வட்டமான ஒரு தட்டு. அதன் இரண்டு முன் மூலைகளிலும் பதினாறரை அடி விட்டமுள்ள இரண்டு பெரிய சுழல்விசிறிகள். பின்னால் சிறிய வால்கள். தட்டின் மூக்கில் ஒருவர் இருக்கும் கண்ணாடிக் கூடு. அமெரிக்கர் இதற்குப் பறக்கும் பான்கேக் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரில் செய்திருந்தால் பறக்கும் தோசை என்றிருப்போம்.

இதை வரைந்தவர் சார்ள்ஸ் சிமர்மன். அமெரிக்க அரசின் விமான ஆராய்ச்சி நிலையமான லாங்லியில் வேலை செய்த பொறியியலாளர். அவருடைய எண்ணம் வேடிக்கையானதல்ல. இறக்கைக்குக் கீழே காற்றின் அமுக்கம் கூட, மேலே குறைவு. அதனால் இறக்கையின் நுனியில் கீழ்க்காற்று மேலே சுருண்டு ஏறி, சுழியாக ஓடும். அந்தச் சுழி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். இறக்கை குட்டையாக இருந்தால் இழுவை இன்னும் கூடும். ஆகையால்தான் எல்லோரும் நீண்ட இறக்கை வைத்தார்கள். சிமர்மன் மறுபக்கமாக யோசித்தார். சுழி எங்கே உண்டாகிறதோ அந்த நுனியிலேயே பெரிய விசிறியை வைத்து, சுழிக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் என்ன? இழுவை குறையும். விசிறியின் காற்று இறக்கை முழுவதையும் தழுவிப் போவதால் மிக மெதுவாகவும் பறக்கலாம். கப்பலின் குறுகிய தளத்திலிருந்து மேலெழும் போர்விமானத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர் 1937இல் சான்ஸ் வோட் கம்பனியில் சேர்ந்தார். கடற்படை பணம் கொடுத்தது. மரத்தாலும் துணியாலும் ஆன வி-173 பரிசோதனை விமானம் 1942 நவம்பர் 23ஆம் திகதி கொனெக்ரிக்கட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் பூன் கைற்றன். எஞ்சின்கள் இரண்டும் 80 குதிரைவலு மட்டுமே. ஆனால் அவை தண்டுகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று நின்றுபோனாலும் மற்றது இரண்டு விசிறிகளையும் சுழற்றும். தரையில் அது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டிக்கு முன்னால் நிலம் தெரியாது என்பதால் காலடியிலும் கண்ணாடி வைத்தார்கள். மொத்தம் சுமார் 190 தடவைகள், 131 மணித்தியாலங்கள் பறந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடந்த லிண்ட்பேர்க்கும் இதை ஓட்டிப் பார்த்தார். 1943இல் ஒருநாள் கைற்றன் கடற்கரையில் அவசரமாக இறக்கவேண்டி வந்தது. நேர் எதிரே குளிக்க வந்தவர்கள் நின்றார்கள். அவர் தடுப்பை அழுத்த, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. ஓட்டிக்கும் காயமில்லை, விமானத்துக்கும் பெரிய சேதமில்லை. மரமும் துணியும்தானே என்று யாரும் இளக்காரமாக நினைக்கவேண்டாம்.

இதன் பின் உலோகத்தில் பெரிய போர்விமானம் ஒன்று, எக்ஸ்.எஃப்.5யூ என்ற பெயரில் கட்டப்பட்டது. அதற்குள் ஜெற் எஞ்சின் வந்துவிட்டது. 1947 மார்ச்சில் கடற்படை கட்டளையை இரத்துச் செய்தது. அந்த உலோக விமானம் ஒருபோதும் பறக்காமலேயே உடைக்கப்பட்டது. உடைப்பதும் இலகுவாக இருக்கவில்லையாம், அவ்வளவு உறுதி. அதே மாத முடிவில் வி-173உம் தன் கடைசிப் பறப்பை முடித்தது. உலோகத்தில் செய்த தங்கை பழைய இரும்பாகப் போக, துணியில் செய்த அக்கா தப்பிப் பிழைத்தாள். கடற்படை அவளை ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் கொடுத்தது. மேரிலாந்தில் உள்ள களஞ்சியத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தாள்.

இனித்தான் நாங்கள் சொல்லவந்த கதை. சான்ஸ் வோட் கம்பனி 1948, 49ஆம் ஆண்டுகளில் கொனெக்ரிக்கட்டை விட்டு டெக்சாஸுக்கு, டலஸுக்குப் பக்கத்தில் உள்ள கிரான்ட் பிரெய்ரிக்கு, ஆட்களோடும் இயந்திரங்களோடும் குடிபெயர்ந்தது. அங்கே வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் கம்பனி செய்த பழைய விமானங்களைத் தேடியெடுத்துத் திருத்தத் தொடங்கினார்கள். சம்பளம் இல்லை. தகடு வேலை செய்தவர்கள், வரைபடம் கீறியவர்கள், பொறியியலாளர்கள் என்று எல்லோரும் ஒரே மேசையில். 2003இல் வி-173 அவர்களிடம் வந்தது. 2012இல்தான் நூதனசாலைக்குப் போனது. முதற் பறப்புக்கும் கடைசிப் பறப்புக்கும் இடையில் ஐந்து வருடங்கூட இல்லை. திருத்துவதற்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்பட்டது.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பவர்கள் துணி போர்த்திய விமானத்தின் உள்ளே பார்த்ததில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், ஏனெனில் இந்த மண்டபத்தில் உள்ள பலருக்கு அந்த வேலை பாதி தெரியும்.

துணியைக் கழற்றினால் உள்ளே விலா எலும்புகளைப் போல மெல்லிய மரச்சட்டங்கள். ஒட்டு விட்டிருக்கும், பூஞ்சணம் பிடித்திருக்கும், ஆணியைச் சுற்றிக் கறள் ஊறி மரம் கறுத்திருக்கும். துணி மூடியிருக்கும்வரை இதொன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டாக எடுத்து, எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்கவேண்டும். நல்ல பழைய மரத்தை ஒருபோதும் எறியக்கூடாது. கெட்ட பகுதியை மட்டும் சரிவாக வெட்டி, அதே சாதி மரத்தில் புதுத்துண்டை இணைப்பார்கள். புதிய துண்டு எதுவென்று எழுதியும் வைப்பார்கள். நூறு வருடங்கள் கழித்து இன்னொருவர் திறக்கும்போது, இது 1942ஆம் ஆண்டு மரமா, அண்மையில் வைத்ததா என்று அவர் மயங்கக்கூடாது.

பிறகு துணி. விளிம்புகளில் ஒட்டி, சட்டங்கள் ஓடும் இடமெல்லாம் மெழுகு தடவிய நூலால் தைப்பார்கள். நீளமான ஊசி இறக்கையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். இரண்டு பேர் இருபக்கமும் நின்று கொடுத்து வாங்கவேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது அவிழாது. தையலின் மேல் நாடா ஒட்டுவார்கள். அந்த நாடாவின் விளிம்பு, எங்கள் தையல் அறையில் இருந்ததே, பல்லுப்பல்லாக வெட்டும் கத்தரிக்கோல், அதனால் வெட்டப்பட்டிருக்கும். காரணமும் அதேதான், நூல் பிரியக்கூடாது. துணியைத் திருப்பி, பின்பக்கத்தை முதலில் பார்த்துப் புள்ளிபோட்ட எங்கள் தையல் ஆசிரியை ஒரு விமானத் தொழிற்சாலையில் நன்றாகப் பிழைத்திருப்பார். முதலாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே அந்தத் தொழிற்சாலைகளின் தையல் அறைகளில் வேலைசெய்தவர்கள் பெண்கள்தாம். வரலாற்றில் ஓட்டியின் பெயர் இருக்கிறது, வரைந்தவரின் பெயர் இருக்கிறது. தைத்தவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

தைத்த துணி தொளதொளவென்றிருக்கும். அதன் மேல் டோப் என்னும் திரவத்தைப் பூசுவார்கள். அது காயக்காயத் துணி இறுகி, தட்டினால் மேளம்போல் ஒலிக்கும். ஒரு பூச்சுக் காய்ந்தபின் மெதுவாகத் தேய்த்து அடுத்த பூச்சு. இடையில் அலுமினியத் தூள் கலந்த பூச்சு ஒன்று வரும். வெயில் துணியைத் தின்னாமல் காப்பது அதுதான். மழைக்குணமான நாளில் பூசினால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். மாரிகாலத்தில் கதவுக்கு வார்னிஷ் அடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கடைசியில் நிறம். வி-173இன் மேற்பக்கம் மஞ்சள், கீழ்ப்பக்கம் வெள்ளி. அழகுக்காக வைத்ததல்ல. போருக்கு முந்திய காலத்தில் அமெரிக்கக் கடற்படை விமானங்களின் இறக்கை மேற்பரப்புக்கு மஞ்சள் பூசுவது வழக்கம். கடலில் விழுந்தால் மேலேயிருந்து தேடுபவர் கண்ணில் படவேண்டும். மற்ற விமானங்களில் இறக்கை மட்டும் மஞ்சளாக இருந்தது. இது முழுவதும் இறக்கையே என்பதால், தலை முதல் வால் வரை மஞ்சளாகிவிட்டது!

நிறம் பூசுவது மிக எளிய கட்டம் என்று நினைத்திருந்தோம். வாசிக்க வாசிக்க அதுதான் மிகச் சிக்கலானது என்று விளங்கியது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் மஞ்சள் எந்த மஞ்சள் என்று தெரியாது. அந்தக் காலத்துச் சில பிலிம்களில் மஞ்சள் கருமையாகவே விழும். எஞ்சியிருக்கும் பழைய பூச்சைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்த்து, அடுக்கடுக்காகப் பார்த்துத்தான் நிறத்தை அறியவேண்டும். வெயில் படாத மூலையில் உள்ள துளி நிறம்தான் நம்பத்தக்க சாட்சி.

இங்கே எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. ஒருவர் கேட்டார்: புதுத்துணி, புதுப்பூச்சு என்று ஆனபின் அது அதே விமானமா? கிழிந்த துணியோடும் மங்கிய மஞ்சளோடும் அப்படியே விட்டிருந்தால் அதுவல்லவா உண்மை? நியாயமான கேள்வி. பல பெரிய நூதனசாலைகள் இப்போது அந்தப் பக்கந்தான் சாய்கின்றன. மூலப் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். மற்றவர் சொன்னார்: துணி என்பது விமானத்தின் தோலல்ல, உடுப்பு. பறந்த காலத்திலேயே மாற்றுவதற்கென்று வைத்தது. கிழிந்த உடுப்பைப் பேணுவதற்காக உள்ளே உள்ள எலும்பை உக்க விடலாமா?

நாங்கள் நால்வரும் முழுமையாக ஒத்துக்கொள்ளவில்லை. மூவர் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம். பெரும்பான்மை முடிவை மட்டும் சொல்லிவிடுகிறோம்: வி-173இன் விடயத்தில் பூசியது சரி. ஏனென்றால் இதைச் செய்யத் தெரிந்த கைகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. மரத்தைச் சரிவாக வெட்டி இணைப்பதையும் இறக்கைக்கு முடிச்சுப் போடுவதையும் கையேட்டில் படிக்கலாம். ஆனால் டோப் இன்னும் காயவில்லை, நாளைக்குத் தேய்ப்போம் என்பதை விரலால் தொட்டுச் சொல்பவர் பக்கத்தில் நிற்கவேண்டும். களஞ்சியத்தில் விமானம் இன்னும் சில பத்தாண்டுகள் காத்திருக்கும். அந்தக் கைகள் காத்திரா. மறுபக்கம் நின்ற எங்கள் தோழி இதற்குச் சொன்ன பதில்: அப்படியானால் அவர்கள் ஒரு மாதிரி இறக்கையில் செய்து காட்டியிருக்கலாமே, உலகில் ஒன்றே ஒன்றாக இருப்பதில் ஏன்? அவருக்கு இன்னும் எங்களிடம் மறுமொழி இல்லை.

விமானம் இப்போதும் ஸ்மித்சோனியனுக்கே சொந்தம், டலஸில் இருப்பது இரவலாக. அந்த ஓய்வூதியர்கள் இதைப்போல் கம்பனியின் எஃப்6யூ என்னும் பழைய ஜெற் விமானத்தையும் திருத்தி, புளோரிடாவில் உள்ள கடற்படை நூதனசாலைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். திருத்திய எதுவும் அவர்களுடையதல்ல. இது எங்களை மிகவும் யோசிக்க வைத்தது, ஆனால் நேரமாகிவிட்டது.

மண்டப வாசலில் உள்ள மேசையில் ஒரு சிறிய மரச்சட்டம் வைத்திருக்கிறோம். பருத்தித் துணி போர்த்தி, மெழுகு நூலால் நாங்களே தைத்தது. டோப்புக்குப் பதிலாகக் கஞ்சி பூசினோம், அந்த அளவுக்கு இறுகாது. மாணவிகள் தட்டிப் பார்க்கலாம். முடிச்சுகளைப் பார்க்க விரும்பினால் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் ஒழுங்காகத்தான் இருக்கிறது.